எழுபது மைலும் எழுபது அடியும்

"கார்ல போனா எண்பது சென்ட் நட்டம்," என்றார் மோகனசுந்தரம், நான்காவது காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டே.

"மணி பத்தாகுது," என்றாள் கிருஷ்ணவேணி.

அவள் எட்டு மணிக்கே பட்டுப்புடவை கட்டி முடித்துவிட்டாள். அதிலிருந்து சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் நடையாய் நடந்துகொண்டிருக்கிறாள். செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக மூன்று முறை ஆகிவிட்டது.

வாட்டர்லூவில் மாலை நான்கு மணிக்கு மணலூர் அபயாம்பாளின் கச்சேரி. டொரொண்டோவிலிருந்து எழுபது மைல். அந்த எழுபது மைலைக் காரில் கடப்பதா, பஸ்ஸில் கடப்பதா என்று மோகனசுந்தரம் புதன்கிழமையிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பாலம் கட்டும் கம்பெனியில் மதிப்பீடு போடுவது அவர் உத்தியோகம். ஆற்றைப் பார்த்தாலே எத்தனை மூட்டை சிமெண்ட் என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பஸ் என்றால் இரண்டு பேருக்குப் போய்வரப் பதிமூன்று டாலர் அறுபது. கார் என்றால் பெட்ரோல், ஆயில், டயர் தேய்மானம், எஞ்சின் தேய்மானம் எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாற்பது. ஓட்டுகிறவரின் தேய்மானத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்து, பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

"அப்ப பஸ்லயே போயிடலாமே?"

"போன வருஷம் ஹாமில்டனுக்கு பஸ்ல போய் என்னாச்சு?"

என்ன ஆயிற்று என்று கிருஷ்ணவேணிக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இரண்டு பஸ் மாறி, தப்பான தெருவில் இறங்கி, மண்டபத்துக்குள் நுழைந்தபோது மங்களமும் பாடி முடித்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கனடா வந்த நான்கு வருஷத்தில் அவள் நேரில் கேட்ட சங்கீதம் அந்த நாற்காலிகள் மடங்கிய சத்தம்தான். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவை வர்ணத்திலேயே உட்கார்ந்திருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." வர்ணம் என்பது கச்சேரியின் முதல் பாட்டு. அபயாம்பாள் வர்ணத்தை எடுக்கிற எடுப்புக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும் என்பார்கள். அதை முதல் எழுத்திலிருந்து கேட்டுவிட வேண்டும் என்று கிருஷ்ணவேணி ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

மோகனசுந்தரத்துக்கும் நேரத்தோடு போக ஒரு காரணம் இருந்தது. நன்றியுரை அவருடையது. அந்தப் பக்கத்தில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் கடைசியில் எழுந்து நன்றி சொல்கிறவர் அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன் வாட்டர்லூவில் ஆற்றங்கரையில் ஆடிப்பெருக்கு பிக்னிக் நடந்தபோதும், ஓசிக் காரில் போய், மூன்று கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, அவர்தான் பேசினார். இன்றைய பேச்சும் தயார். செலவுக் கணக்கு போட்ட காகிதத்தின் மறுபக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு," என்றார். "ஆள் சேர்த்தா தலைக்கு இவ்வளவுன்னு செலவு குறையும். குணரத்தினம் சாரைக் கூட்டிட்டுப் போலாம். மூணு டாலர் தருவார்."

"அவர் பிக்கரிங்ல இல்ல இருக்கார்? அது கிழக்கே. வாட்டர்லூ மேற்கே."

"பன்னெண்டு மைல்தானே!"

போன் போனது. குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், நகரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்காளர். மறுமுனையில் உற்சாகமாகக் கத்தினார்: "ஓம் தம்பி, கட்டாயம் வாறன்! வெளிக்கிட்டு நிக்கிறன். கெதியா வாங்கோ!"

ரிசீவரை வைத்ததும் மோகனசுந்தரத்தின் முகம் மாறியது. பன்னிரண்டு மைல் போக வேண்டும், பன்னிரண்டு மைல் திரும்ப வேண்டும். கச்சேரி முடிந்து அவரைக் கொண்டுபோய் விட்டு மறுபடியும் வர வேண்டும். நாற்பத்தெட்டு மைல். மூன்று டாலர் வரவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து டாலர் செலவு.

"இன்னொரு ஆள் வேணும்," என்றார்.

"ஐயோ, வேண்டாங்க."

"விட்பியில அம்புஜம் மாமி இருக்காங்க இல்ல? பிக்கரிங் வரைக்கும் போறோம், இன்னும் ஒரு பத்து மைல். போற வழிதானே?"

"எது, போற வழி? இன்னும் கிழக்கே யாராச்சும் இருந்தா சொல்லுங்க. கடல் வரைக்கும் போய் ஏத்திட்டு வந்துடலாம்."

அவர் காதில் விழவில்லை. டயல் சுற்றிக்கொண்டிருந்தார். அம்புஜம் மாமி ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர், கார் ஓட்டத் தெரியாதவர். "பகவானே அனுப்பின மாதிரி போன் பண்றேளே!" என்று மாமி சொன்னது கிருஷ்ணவேணிக்கே கேட்டது. வரவேற்பறையில் நின்றபடி அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள். டொரொண்டோவின் வோபர்ன் பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு நேர் எதிரே ஒரு சர்ச் ஹால். சனிக்கிழமையானால் அங்கே பிங்கோவோ பழைய துணி விற்பனையோ நடக்கும், தெருவெல்லாம் கார் நிற்கும். இன்றைக்கு அதிசயமாகக் கதவு பூட்டிக் கிடந்தது.

"பாத்தியா, நம்ம நேரம் நல்லாயிருக்கு. வழி காலியா இருக்கு," என்று மோகனசுந்தரம் தம் பழுப்பு நிற எட்டு சிலிண்டர் காரை வெளியே எடுத்தார். வாங்கி ஆறு வாரம்தான். ஏழாவது கைக்கு வந்த கார் என்றாலும் அவருக்கு அது முதல் கார்.

பிக்கரிங்கில் குணரத்தினம் வாசலிலேயே நின்றார். ஆனால் அவருக்குப் பின்னால் அவர் மனைவியும் நின்றார்.

"உள்ளுக்க வாங்கோ. சாப்பிடாமல் போகேலாது."

"இல்லைங்க, நேரமாகுது," என்றாள் கிருஷ்ணவேணி, காரிலிருந்து இறங்காமலே.

"என்ன தங்கச்சி, வாசலுக்கு வந்திட்டுச் சாப்பிடாமப் போனால் எங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

அதற்கு மேல் மறுக்க முடியாது. இடியப்பமும் சொதியும் நன்றாகத்தான் இருந்தன. கிருஷ்ணவேணி ஒரு கண்ணைத் தட்டிலும் ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்திலும் வைத்துக்கொண்டு விழுங்கினாள். மோகனசுந்தரம் மூன்றாம் தரம் சொதி வாங்கிக்கொண்டு, அந்த வீட்டம்மாவுக்கு ஒரு குட்டி நன்றியுரையும் சொன்னார். வெளியே வரும்போது மணி ஒன்று.

விட்பியை ஒன்று இருபத்தைந்துக்குத் தொட்டார்கள். கார் நின்றதும் அம்புஜம் மாமி கதவைத் திறந்து, ஒரு பெரிய பித்தளை அடுக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தார். வைத்துவிட்டு, "அப்பாடா, ஒண்ணரைக்குள்ள ஆயிடுத்து," என்று உள்ளே போய்விட்டார்.

"மாமி! கிளம்பலையா?"

"கிளம்பியாச்சேடி! ஒண்ணரைலேர்ந்து மூணு வரைக்கும் எமகண்டம். அதுக்கு முன்னாடி ஒரு சாமானை வெளியில வெச்சுட்டா பிரயாணம் ஆரம்பிச்ச மாதிரி. இனிமே எப்ப வேணாப் புறப்படலாம்."

பிரயாணம்தான் ஆரம்பித்துவிட்டதே என்ற நிம்மதியில் மாமி ஆற அமரத் தலை வாரிக்கொண்டார், விளக்கேற்றினார், பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். வாசலில் அக்டோபர் குளிர் விறுவிறுவென்று வீசிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு வெளியே வந்து அடுக்கைத் தொட்டுப் பார்த்தவர் அலறினார்.

"ஐயையோ, சாம்பார் ஆறிடுத்தே!"

"சாம்பாரா?" என்றார் மோகனசுந்தரம்.

"முப்பது பேருக்கு. கச்சேரி முடிஞ்சு சாப்பாட்டுக்கு வேணும்னு, இதை ஏற்பாடு பண்றாளே அன்னம், அவ கேட்டிருந்தா. பஸ்ல எப்படி எடுத்துண்டு போறதுன்னு தவிச்சுண்டிருந்தேன். கொஞ்சம் இருங்கோ, சுட வெச்சுண்டு வந்துடறேன்."

கிருஷ்ணவேணி காருக்குள் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடியும் முறுக்கினாள். குணரத்தினம் அவளை ஆறுதலாகப் பார்த்தார்.

"யோசிக்காதேங்கோ தங்கச்சி. எங்கட ஆக்கள் நாலு மணி எண்டால் அஞ்சுக்குத்தான் தொடங்குவினம்."

"அந்த அம்மா அப்படியில்லைங்க. மணி அடிச்சா பாட ஆரம்பிச்சுடுவாங்க."

இரண்டேகாலுக்குக் கார் மேற்கு நோக்கித் திரும்பியது. முன் இருக்கையில் குணரத்தினம். பின்னால் மாமியும் கிருஷ்ணவேணியும், நடுவில் கொதிக்கிற சாம்பார். மோகனசுந்தரம் வேகத்தைக் கூட்டினால் அடுக்கு தளும்பியது. தளும்பினால் மாமி கத்தினார். கத்தினால் மோகனசுந்தரம் பிரேக் போட்டார். பிரேக் போட்டால் மறுபடியும் தளும்பியது. கடைசியில் மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போவதில்லை என்று உடன்பாடு ஆயிற்று. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே இவர்களைத் தாண்டிப் போயின.

இந்த அழகில் அவர் நன்றியுரையை வேறு ஒத்திகை பார்த்தார். "அன்பர்களே! இசை அழைத்தால் டொரொண்டோ தமிழர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. எழுபது மைல் எங்களுக்கு எழுபது அடி!"

"இதைத்தான் பிக்னிக்லயே சொல்லிட்டீங்களே," என்றாள் கிருஷ்ணவேணி.

"நல்ல வரியை ரெண்டு தடவை சொல்லலாம். அன்னிக்கு எப்படிக் கை தட்டினாங்க!"

வோபர்ன் வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார். அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் கேலனுக்கு இரண்டு சென்ட் மலிவு. பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது கிருஷ்ணவேணி ஜன்னல் வழியே பார்த்தாள். தெருக்கோடியில் அவர்களுடைய கட்டிடம். எதிரே பூட்டிய சர்ச் ஹால். காலையிலிருந்து மூன்றேகால் மணி நேரம் பயணம் செய்து, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்கள்கூடக் கடைசியில் மூக்கைத் தொட்டுவிடுவார்கள். இவர்கள் இன்னும் காதையே தாண்டவில்லை.

"நான் இப்படியே இறங்கி வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்றாள்.

"வர்ணம் கேக்க வேண்டாமா?" என்றார் மோகனசுந்தரம், உண்மையான கரிசனத்தோடு.

மறுபடியும் நெடுஞ்சாலை. நான்கு மைல் போனதும் வண்டிகள் எல்லாம் நின்றன. முன்னால் ஏதோ ரிப்பேர் வேலை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். மோகனசுந்தரத்தின் விரல்கள் ஸ்டியரிங்கில் மிருதங்கம் வாசித்தன.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றார் குணரத்தினம். "நகரத்தில இருந்து மூண்டரைக்கு வாட்டர்லூவுக்கு ஒரு பஸ் இருக்கு. காரை வார்டன் ஸ்ரேசனில விட்டிட்டு சப்வே ரயிலில போனால் பிடிக்கலாம். நான் தினமும் அந்த வழியாலதானே வேலைக்குப் போறனான்."

மோகனசுந்தரம் கண நேரம் மனக்கணக்குப் போட்டார். மாலை ஐந்தரைக்குள் போய்விடலாம். இங்கேயே நின்றால் ராத்திரி ஆகிவிடும். ஸ்டியரிங்கை ஒடித்தார்.

வார்டனில் காரை நிறுத்தக் காசு கட்டினார்கள். நான்கு பேருக்கும் டோக்கன் போட்டார்கள். சாம்பார் அடுக்கு சுழல் கதவுக்குள் நுழைய மறுத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த வெள்ளைக்கார ஊழியர் எழுந்து வந்து, மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். பிளாட்பாரத்துக்கு ஏறும் படிகளில் மோகனசுந்தரமும் குணரத்தினமும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிப் போக, பின்னாலேயே மாமி "சாஞ்சுடுத்து, சாஞ்சுடுத்து" என்று பாடிக்கொண்டு வந்தார்.

பிளாட்பாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கிருஷ்ணவேணி கேட்டாள்: "அண்ணே, அந்த மூணரை பஸ் சனிக்கிழமையும் உண்டா?"

குணரத்தினம் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த அட்டவணையை எடுத்தார். கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார். பிறகு சொன்னார்:

"அதைப் பற்றி நான் யோசிக்கேல்லை, பிள்ளை. திங்களில இருந்து வெள்ளி மட்டும்தானாம். சனிக்கிழமை அடுத்த பஸ் அஞ்சு மணிக்கு."

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. நான்கு பேரும் சாம்பாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவுகள் மூடின. ரயில் போயிற்று.

அடுக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் படி இறங்கினார்கள். காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்தபோது நெரிசல் எப்போதோ கலைந்திருந்தது. ரோட்டோரத்தில் தொழிலாளிகள் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று நாற்பது.

நான்கு மணி ஆனபோது கிருஷ்ணவேணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் அந்த அம்மாள் தொண்டையைக் கனைத்திருப்பாள். நாலேகாலுக்கு மறுபடியும் பார்த்தாள். இந்நேரம் வர்ணம் முடிந்திருக்கும். கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

மோகனசுந்தரம் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கார்ச் செலவும் ஆயிற்று, ரயில் செலவும் ஆயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே கைக்கு வரவில்லை.

"வேணி," என்றார் மெதுவாக.

"ரோட்டைப் பாருங்க," என்றாள் அவள்.

வாட்டர்லூ பள்ளிக்கூட அரங்கத்தின் முன்னால் கார் நின்றபோது மணி ஆறு. உள்ளேயிருந்து மிருதங்கச் சத்தம் மட்டும் கேட்டது. தனி ஆவர்த்தனம். பாடகர் ஓய்ந்திருக்க, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற நேரம். ரசிகர்கள் வெளியே வந்து காப்பி குடிப்பதற்காகவே முன்னோர்கள் அதை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது பலருடைய அபிப்பிராயம். தாழ்வாரத்தில் நாலைந்து பேர் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். கூட்டமென்று சொல்ல முடியாது. உள்ளே பாதி நாற்காலிகள் காலி.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் அன்னம். விழாவை ஏற்பாடு செய்த பேராசிரியர் கோபாலின் மனைவி. இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! டொரொண்டோவிலிருந்து ஒருத்தர்கூட வரலையேன்னு இப்பத்தான் இவர்கிட்ட புலம்பிட்டிருந்தேன். நீங்க நாலு பேராவது வந்தீங்களே!"

குணரத்தினமும் மாமியும் சாம்பாரைச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். கிருஷ்ணவேணி நின்ற இடத்திலேயே கேட்டாள்:

"வர்ணம் பாடினாங்களா, அக்கா?"

"பாடாம இருப்பாங்களா? டாண்ணு நாலு மணிக்கு எடுத்தாங்க. கால் மணி நேரம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு." அன்னம் அவள் கண்ணைப் பார்த்துவிட்டார். "ஐயோ, ஏம்மா அழறே?"

"ஒண்ணுமில்லக்கா. ரொம்பத் தூரம். அதான்."

மோகனசுந்தரம் சட்டைப் பையில் நன்றியுரைக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் எழுபது அடி, மறுபக்கம் பதினான்கு டாலர் நாற்பது. மனைவிக்கு ஒரு காப்பி வாங்கி நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. யார் மேலாவது கோபப்பட்டே தீர வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க," என்றார் அன்னத்திடம். "நம்ம ஜனம் முக்கால்வாசி டொரொண்டோவிலதான் இருக்கு. இவ்வளவு பெரிய பாடகியைக் கூட்டிட்டு வந்து இங்க எதுக்கு வைக்கணும்? எங்க ஊர்ல ஹாலுக்கா பஞ்சம்? எங்க வீட்டுக்கு எதிர்லயே ஒரு சர்ச் ஹால் இன்னிக்குப் பூரா பூட்டித்தான் கிடக்குது!"

"அதையேதான் முதல்ல அட்வான்ஸ் குடுத்துப் புக் பண்ணியிருந்தோம்," என்றார் அன்னம், அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றிக்கொண்டே. "பிக்னிக்ல நீங்க பேசினதைக் கேட்டப்புறந்தான் இங்க மாத்தினோம்."